கடித்துப் பார்த்து வாங்கிய டார்ச்

மனிதர்கள் டார்ச் லைட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள், பொத்தானைத் தள்ளிப் பார்ப்பார்கள், வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்ப்பார்கள், வாங்குவார்கள். கடித்துப் பார்த்து வாங்கிய ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் வாய்லைட்டு அண்ணன்தான். வேறு நாட்டில் இன்னொருவர் இருந்திருந்தால் அந்த நாடு உருப்பட்டிருக்காது.

எழுபதுகளின் பிற்பகுதியில் காளவாசல் பக்கம் ஒரு மோட்டார் பட்டறையில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். கிணற்று மோட்டார்களுக்கு வைத்தியம் பார்க்கிற பட்டறை. வாய்லைட்டு அங்கே பெரிய ஃபிட்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். முதலாளிக்கே அது மறந்துவிட்டிருந்தது. கத்தை மீசை, மடிப்பு கலையாத காக்கிச் சட்டை, தோளில் எப்போதும் ஒரு துண்டு, பல்பொடி விளம்பரத்துக்கு அனுப்பலாம் போல வெள்ளை வெளேரென்று ஒரு பல் வரிசை. அந்தப் பல்லைக் காட்டிச் சிரிப்பதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை. கண்ணாடி எங்கே தென்பட்டாலும் நின்று ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் நகர்வார்.

இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது டார்ச்சை வாயில் கவ்விக்கொள்வது எல்லா மெக்கானிக்கும் செய்கிற காரியம்தான். மற்றவர்களுக்கு அது ஒரு சௌகரியம். இவருக்கோ அது சாஸ்திரம்.

"டார்ச்சுங்கிறது கைக்குச் செஞ்ச சாமான் இல்ல ஸ்டோரு, வாய்க்குச் செஞ்சது. வெவரங்கெட்ட பயலுகதான் கையில பிடிக்கிறானுக" என்று ஆரம்பிப்பார். ஸ்டோரு என்பது நான். பட்டறையில் எனக்கும் பெயர் கிடையாது.

இந்த மகத்தான உண்மையைச் சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. டார்ச்சுகளை அவர் தரம் பிரிப்பதைக் கேட்க வேண்டும். மூன்று பேட்டரிக் கட்டை போடுகிற பெரிய டார்ச் என்றால் "காவக்காரன் லைட்டு. நாய வெரட்டத்தான் ஆகும்." உடம்பில் வரிவரியாக இருந்தால் "நாக்கு புண்ணாப் போகும்." பிளாஸ்டிக் என்றால் "ருசி சரியில்ல." ஆமாம், ருசி! பித்தளைக்கு ஒரு ருசி, தகரத்துக்கு ஒரு ருசி, முலாம் பூசினதுக்கு ஒரு ருசி என்று நாக்கைச் சப்புக்கொட்டிச் சொல்வார். பேனாக் கனத்தில் இரண்டு பென்சில் பேட்டரி போடுகிற டார்ச்தான் உசத்தி. அதிலும் பொத்தான் பல்லில் படக்கூடாது, தலை கனக்கக்கூடாது, வெளிச்சத்தின் நடுவில் கருப்பாகப் பொட்டு விழக்கூடாது. எல்லாம் பொருந்தி வந்தபிறகு நடுவில் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றுவார். ஒரு டார்ச்சுக்கு இவ்வளவு பொருத்தம் பார்த்த ஆள், பெண் பார்க்கப் போனபோது என்ன பாடுபடுத்தினாரோ தெரியாது.

அவருடைய டார்ச் பழுதாகிவிட்டால் பட்டறைக்கே தலைவலி. டவுன்ஹால் ரோடு பக்கத்துச் சந்தில் டார்ச்சும் கடிகாரமும் விற்கிற கடை ஒன்று இருந்தது. முதல் தடவை அவரோடு அங்கே போனபோது எனக்கு இந்தக் கடி விவகாரம் தெரியாது. கடைக்காரர் எடுத்து வைத்த முதல் டார்ச்சை வாங்கினார், துண்டில் துடைத்தார், வாயில் வைத்துக் கவ்விவிட்டார்.

"அண்ணே, அண்ணே! வாயில வைக்காதீக! வேற ஆளுக்கு விக்கணும்ல?" என்று கடைக்காரர் பதறினார்.

வாய்லைட்டு பின்பக்கம் திரும்பி, துண்டை முகத்தோடு சேர்த்து மறைத்து, மெதுவாக டார்ச்சை எடுத்தார். வாயிலிருந்து டார்ச்சை எடுப்பதற்கு எப்போதும் இந்த நாடகம் உண்டு. பிறகு திரும்பி, "நீ அடுத்தவனுக்கு விக்கிறதுக்கு முந்தி நான் பாக்கணும்ல?" என்றார்.

அத்தோடு விட்டாரா? பகலில் வெளிச்சம் தெரியாது என்று சொல்லி ஒரு சாக்கை வாங்கி, கடை வாசலிலேயே குந்தி, தலையோடு போர்த்திக்கொண்டு, உள்ளே டார்ச்சைக் கவ்வியபடி வெளிச்சத்தை ஆராய ஆரம்பித்தார். சாக்குக்குள் ஒரு மனிதன், பல்லைக் கடித்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தால் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கூட்டம் கூடிவிட்டது. ஒரு புண்ணியவான் ஓடிவந்து, வலிப்பு என்று நினைத்து, தன் வீட்டுச் சாவிக்கொத்தைச் சாக்குக்குள் விட்டு அவர் கையில் திணித்தார். இன்னொருத்தர், "இறுக்கிப் பிடிங்கண்ணே, இந்தா நின்னுரும்!" என்று தைரியம் சொன்னார். வாய்லைட்டு சாக்கை உதறிவிட்டு எழுந்து போட்ட சத்தத்தில், சாவிக்காரர் சாவியைக்கூட வாங்காமல் ஓடினார். அன்றிலிருந்து நாங்கள் சந்து முனையில் திரும்பும்போதே கடைக்காரர் டார்ச்சுகளை அள்ளி உள்ளே வைக்கப் பழகிக்கொண்டார்.

டார்ச்சைத் தவிர வேறு எதையும் இந்த மனுஷன் கடித்து நான் பார்த்ததில்லை. டீக்கடையில் உளுந்த வடையை டீயில் முக்கி, அது கூழாகி முழுகிப் போகும்வரை காத்திருந்து குடிப்பார். முறுக்கைக் கண்டால் "சின்னப்புள்ளைக திங்கிறது" என்பார். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் கொடுக்கிற பொரிகடலையை அப்படியே துண்டில் முடிந்துகொள்வார். பெரிய மனுஷத்தனம் என்று நான் எரிச்சல்பட்டேன். பொரிகடலையிலேயே இவ்வளவு மிதப்பா என்று.

முதலாளி ஒயர் போட்ட கைவிளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். "ஒயரு காலத் தடுக்கும்" என்று வாய்லைட்டு அதை மூலையில் போட்டுவிட்டார். டார்ச்சைத் துண்டில் வைத்துத் தலையில் கட்டிக்கொள்ளலாமே என்று நான் ஒருநாள் யோசனை சொன்னேன். "சாமியாடவா போறேன்? நீ நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்கிற வேலையப் பாரு" என்றார். அதற்குமேல் அவரிடம் பேச எனக்குப் பைத்தியமா?

அந்த லட்சணத்தில்தான் கோடையில் ஒருநாள் காலை பேரையூர் பக்கமிருந்து கருப்பையா என்ற சம்சாரி வந்து சேர்ந்தார். கிணற்றுக்குள் மோட்டார் நின்றுபோய்விட்டது. மேலே நிலத்தில் மிளகாய்ச்செடி பூவும் பிஞ்சுமாக நிற்கிறது.

"இன்னைக்குச் சாயங்காலம் கரண்டு விடுறான். அதை விட்டா எப்ப விடுவானோ தெரியாது. பூவெல்லாம் கொட்ட ஆரம்பிச்சிருச்சு அண்ணே. இப்பவே கெளம்புனாத்தான் உண்டு. இந்த வெள்ளாமைய நம்பித்தான் இருக்கோம்" என்றார்.

நல்ல மனுஷனாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பான். வாய்லைட்டு தன் டார்ச்சை எடுத்து ஆட்டிக் காட்டினார். உள்ளே ஸ்பிரிங் ஒடிந்து கிடந்தது.

"லைட்டு இல்லாம கெணத்துக்குள்ள எறங்க மாட்டேன். மொதல்ல லைட்டு வாங்கணும்."

"எங்க வீட்ல டார்ச் லைட் இருக்குண்ணே!"

"உங்க வீட்டு லைட்டு உங்க வாய்க்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

முதலாளி என்னையும் கூடவே துரத்திவிட்டார். கடை கடையாக ஏறி இறங்கினோம். பின்னாலேயே கருப்பையா, கோயிலுக்கு வேண்டிக்கொண்டு வந்தவர் மாதிரி கையைக் கூப்பியபடி வந்தார். ஒவ்வொரு டார்ச்சையும் வாய்லைட்டு கவ்வும்போது அவர் முகத்தையே பார்ப்பார். துண்டு மறைவில் டார்ச் வெளியே வந்து, தலை இடவலமாக ஆடும். கருப்பையாவுக்கு முகம் தொங்கிப்போகும். ஒன்று வழுக்குகிறது, ஒன்று கனக்கிறது, ஒன்று கசக்கிறது. டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு, "சரக்கு இல்லண்ணே" என்றார்.

கடைசியில் யாரோ பரவையில் கிடைக்கும் என்றார்கள். மார்க்கெட்டுக்கு விடியுமுன்னே வருகிற காய்கறி வியாபாரிகளுக்காக அங்கே ஒருத்தர் சின்ன டார்ச்சுகள் விற்கிறாராம். பேரையூர் போகத் தெற்கே கிளம்ப வேண்டும். வாய்லைட்டு எங்களை வடக்கே பரவைக்கு பஸ் ஏற்றினார். பஸ் திண்டுக்கல் ரோட்டில் திரும்பியதும் கருப்பையாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தம்பி, எங்க ஊரு அந்தப் பக்கம்ல இருக்கு?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எனக்கு வாய்லைட்டைப் பஸ்ஸிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது.

பரவையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கடை விரித்திருந்தவரிடம் அந்தத் திருமாங்கல்யம் கிடைத்தது. பேனாக் கனம், பித்தளை உடம்பு, மூடியில் ரப்பர் வாசர். வாய்லைட்டு கண்ணை மூடிக் கவ்வினார். வெகுநேரம் அசையவில்லை. பிறகு துண்டு மறைவில் எடுத்து, "இதுதான்" என்றார். கருப்பையா கடைக்காரரையே கும்பிட்டுவிட்டார்.

திருமங்கலம் போய், பஸ் மாறி, பேரையூர் இறங்கி, மாட்டுவண்டியில் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது மேற்கே சரிந்திருந்தது. போகிற வழியெல்லாம் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மிளகாய்ச்செடிகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. அதைப் பார்த்தபிறகு எனக்கு வாய்லைட்டின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கிணறு ஆழம். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்கி, அடியில் பாறையைக் குடைந்த ஒரு பொந்தில் உட்கார வைத்திருந்தார்கள். பட்டப்பகலிலும் அங்கே இருட்டுத்தான். வாய்லைட்டு மேலே மோட்டார் ரூமில், மோட்டாருக்குக் கரண்டு போகாதபடி பீஸ்கட்டைகளைப் பிடுங்கிக் கருப்பையா கையில் கொடுத்தார்.

"நான் மேல வார வரைக்கும் இது ஒன் கையிலயே இருக்கணும். எவன் கேட்டாலும் குடுக்காத."

பிறகு படிக்கல்லில் கால் வைத்து இறங்கினோம். அவர் பொந்துக்குள் குந்தி, டார்ச்சைக் கவ்விக்கொண்டு, மோட்டாரில் ஒயர் சேருகிற பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு ஒயர் தீய்ந்து கழன்று கிடந்தது. அவர் நட்டை முறுக்குவதற்காக, நான் கையை உள்ளே விட்டு ஒயர்களின் மூன்று முனைகளையும் பிரித்துப் பிடித்துக்கொண்டேன். டார்ச் வெளிச்சம் ஆடாமல் என் விரலில் விழுந்தது. நன்றாகத்தான் இருந்தது, அதற்காகப் பரவை வரை போக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

அப்போது பக்கத்துத் தோட்டத்து மோட்டார் உறுமுகிற சத்தம் கேட்டது. கரண்டு வந்துவிட்டது. மேலேயிருந்து கருப்பையாவின் குரல் சந்தோஷமாக இறங்கியது.

"அண்ணே! கரண்டு வந்துருச்சு! பீஸ்கட்டைய மாட்டிட்டேன்! சுச்சப் போட்டுறவா?"

அவர் வாக்குத் தவறவில்லை. யாரிடமும் கொடுக்கவில்லை, தானே மாட்டிவிட்டார்.

எனக்குக் கையை வெளியே எடுக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அந்தக் கிணறு முழுக்க அதிர்கிற மாதிரி வாய்லைட்டு கத்தினார்.

"ஏய்! போடாத! ஸ்டோரு கை உள்ள இருக்கு, போடாத!"

முதல் 'ஏய்'க்கு டார்ச் விழுந்தது. 'போடாத' என்றபோது பல் விழுந்தது. ஒரு பல் இல்லை. மேல் வரிசை முழுக்க, ரோஸ் நிற ஈறோடு, பறந்து போய்த் தண்ணீரில் 'களக்' என்று விழுந்தது. மிச்சத்தைப் பல் இல்லாமலேதான் கத்தினார். கருப்பையாவுக்குக் கேட்டுவிட்டது. சுவிட்ச் விழவில்லை.

பல்செட்டு! வடையை ஊறவைத்ததும், பொரிகடலையை முடிந்துகொண்டதும், துண்டு நாடகமும், வழுக்குது கனக்குது என்று ஊரையே அலையவிட்டதும், எல்லாம் இதற்குத்தான். சொந்தப் பல் உள்ளவன் விளக்குமாற்றுக் கட்டையைக்கூடக் கவ்விக்கொண்டு வேலை பார்ப்பான். இவருக்குப் பல்செட்டு கழன்றுவிடாத டார்ச்சாகப் பொருந்தி வரவேண்டும். கேட்டால் சாஸ்திரம்! வாய்லைட்டு என்று பெயர் வாங்கிவிட்டுக் கவ்வுவதை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். காளவாசலில் ஒருத்தனுக்குத் தெரிந்தால் போதும், மறுநாள் காலை டீக்குள் அவர் பெயர் மாறிவிடும். அந்தப் பயத்தில்தான் இத்தனை வருஷமும் பித்தளைக்கு ருசி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது; அவர் வீட்டில் வாரப்பத்திரிகை வாங்கும் பழக்கமும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வாய்லைட்டு என்னைப் பார்த்தார். உடனே துண்டை எடுத்து மூக்குக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டார். வழிப்பறிக்காரன் மாதிரி இருந்தது. கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணை நான் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. கடைக் கண்ணாடிகளில் எல்லாம் சிரித்துப் பார்த்த மனுஷன்.

"பீஸ்கட்டையப் பிடுங்குங்க! டார்ச்சு விழுந்துருச்சு, வெளிச்சம் வேணும்!" என்று நான் மேலே கத்தினேன்.

கருப்பையா பீஸ்கட்டைகளோடு மோட்டார் ரூமில் மாட்டியிருந்த முகம் பார்க்கிற கண்ணாடியையும் பிடுங்கிக்கொண்டு வந்து, மேற்கு வெயிலை அப்படியே கிணற்றுக்குள் திருப்பினார். பளீரென்று வெளிச்சம் இறங்கியது. இறங்கிய வெளிச்சம் வேறு எங்கும் போகாமல் நேராக வாய்லைட்டின் முகத்தில் போய் உட்கார்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

நான் நடுவே போய் நின்றுகொண்டேன்.

"மூஞ்சிக்கு வேணாம்ணே! கீழ திருப்புங்க, கைக்கு அடிங்க!"

"அவுக ஏன் வாயைக் கட்டிட்டாக?"

"கெணத்துக்குள்ள வாடை தாங்கல!"

"என்னது? எங்க கெணத்துத் தண்ணிய ஊரே குடிக்குது தம்பி!" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தில் கண்ணாடி ஆடியது. எப்படியோ வேலை முடிந்தது. வாய்லைட்டு திட்டாமல் ஒரு நட்டு முறுக்கியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேலே ஏறி வந்தோம். பீஸ்கட்டைகளை வாங்கி மாட்டினார். சுவிட்சில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எனக்குப் புரிந்தது. கீழே தண்ணீரில்தான் அது கிடக்கிறது. பம்பு இழுத்தால் குழாய் வழியே ஏறி, வாய்க்காலில் ஓடி, மிளகாய்ப் பாத்தியில் போய்ச் சிரிக்குமோ என்று எனக்கே கவலையாக இருந்தது. அவர் செடிகளைப் பார்த்தார். பக்கத்தில் கையைப் பிசைந்து நிற்கிற கருப்பையாவைப் பார்த்தார். சுவிட்சைப் போட்டார்.

தொட்டியில் தண்ணீர் கொட்டியது. கருப்பையா அதில் முகத்தைக் கழுவினாரா அழுதாரா என்று தெரியவில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடை திறக்க ஓடினார்.

நாங்கள் இரண்டு பேரும் கிணற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கோடைக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கப்போகிறது? வெயில் மங்குகிற நேரத்தில் அடி தெரிய ஆரம்பித்தது. ஓரத்தில் பாறையிடுக்கில் அந்த டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ரப்பர் வாசர் வேலை செய்திருக்கிறது. அந்த வெளிச்சத்துக்கு நேர் எதிரே, துல்லியமாக, பல் வரிசை.

மடை திருப்பிவிட்டு வந்த கருப்பையா எட்டிப் பார்த்தார். "டார்ச்சு கெடக்கு. அதென்ன தம்பி, வெள்ளையா என்னமோ மினுங்குது?"

"அதுவும் டார்ச்சோட சாமான்தாண்ணே" என்று சொல்லிவிட்டு நான் இறங்கினேன். சேற்றில் கை விட்டு எடுத்து, கழுவி, என் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து வாய்லைட்டின் மடியில் வைத்தேன். அவர் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். வரும்போது துண்டு தோளில் இருந்தது.

திரும்புகிற பஸ்ஸில் திருமங்கலம் தாண்டியபிறகு, வாய்லைட்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"இந்த டார்ச்சு கொஞ்சம் தலை கனம் ஸ்டோரு. அதான் விழுந்துருச்சு."

விழுந்தது எதனால் என்று எனக்குத் தெரியாதா? என் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டேன். எல்லாம் இருந்தன.

"ஆமாண்ணே. தலை கனம்தான். நாளைக்கு வேற பாப்பம்" என்றேன்.

மறுநாள் டவுன்ஹால் ரோட்டுச் சந்தில், கடைக்காரர் டார்ச்சுகளை உள்ளே தள்ளுவதற்குள் போய் நின்றுவிட்டோம். அவர் நொந்துபோய் என்னைப் பார்த்தார்.

"தம்பி, படிச்ச புள்ள, நீயாச்சும் அவருக்குச் சொல்லக்கூடாதா?"

"அண்ணன் கடிச்சுப் பாத்துத்தான் வாங்குவாரு. எல்லாத்தையும் எடுத்து வைங்க" என்றேன்.